ஐந்தாவது திசையில் விழுந்தவன்

அன்று வார்டில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ஆளைக் கூட்டியோ குறைத்தோ பேசக் கூடாது.

நான். பெயர் மணி. திருப்பதியில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடையில் கம்ப்யூட்டர் வேலை.

விஜயா. என் நண்பன் துரையின் மனைவி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

பார்கவ். என்ஜினியரிங் படித்தவன். ஜன்னல் ஓரம், கையில் டீ.

துரை. கட்டிலில். பதினொரு நாளாகக் கண் திறக்காமல்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சேர்க்கவில்லை. நாலு பேர்.

நேரம் காலை பதினொன்று. ட்யூப்லைட் எரிந்தது, ஜன்னலில் வெயிலும் இருந்தது. நாய் ஊளையிடவில்லை. மல்லிகைப் பூ வாசனை வரவில்லை, பினாயில் வாசனைதான் வந்தது. பேய்க் கதைக்கு வேண்டிய சாமான் ஒன்றுகூட அங்கே கிடையாது.

இந்த மாதிரி அனுபவம் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. எல்லாருக்கும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் நடக்கும். எல்லாரும் தனியாகத்தான் வந்துகொண்டிருப்பார்கள். வெள்ளைப் புடவை ஒன்று லிஃப்ட் கேட்கும். கேட்கிறவன் வாயைப் பிளப்பான். கடைக்கு வருகிறவர்களே இப்படி நிறையச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் பதில் சொல்ல மாட்டேன், வேலையைப் பார்ப்பேன்.

என் வேலை அப்படி. எங்கள் கடையில் கல்யாணம், பிறந்தநாள், தலைவருக்கு வரவேற்பு எல்லாம் அடிப்போம், ஆனால் நிலையான வியாபாரம் கண்ணீர் அஞ்சலி பேனர்தான். ரேஷன் கார்டு போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் மூக்கு எது வாய் எது என்றே தெரியாது. நான் பின்னால் இருக்கிற சுவரை வெட்டி எடுத்து, முகத்தை வெளுப்பாக்கி, சட்டை இல்லாவிட்டால் சட்டை போட்டு, மாலை போட்டுக் கொடுப்பேன். ஒன்பதாவதோடு நின்றவன் நான். இந்த வேலையை யாரும் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்து வந்ததுதான். தினமும் இரண்டு மூன்று செத்த முகங்களை இத்தனை வருஷமாகப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். ஒருவரும் கண்ணடித்ததில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம், நான் பயப்படுகிற ஆள் இல்லை என்று தெரிய வேண்டும். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கம்ப்யூட்டரில் ஒரு பழைய யுத்த ஆட்டம் இருக்கிறது. மேலிருந்து சாய்வாகப் பார்ப்போம். விவசாயியை விட்டு மரம் வெட்டச் சொல்லி, கோட்டை கட்டி, படை சேர்த்து எதிரியை அடிக்க வேண்டும். அதில் வருகிற சிப்பாய்கள் எல்லாம் வெளிநாட்டு ஆட்கள். அவர்களை எடுத்துவிட்டு நம் ஆட்களை உள்ளே வைக்கலாம். இதற்கு மோட் என்று பெயர். சித்தூர் பாளையக்காரர் படையை வைத்து மோட் பண்ணலாம் என்று ஆரம்பித்தவன் பார்கவ். பேனர் அடிக்கக் கடைக்கு வந்தவன், என் கை வேலையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். டீம் என்று சொல்வான். டீமில் அவனும் நானும்தான். அவன் புரோகிராம் எழுதினான், மீட்டிங் போட்டான். மீதி எல்லாம் நான்.

மீதி என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். ஒரு சிப்பாய் திரையில் பாதி விரல் உயரம் இருப்பான். அவன் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், குத்த வேண்டும், சாக வேண்டும். ஒவ்வொன்றும் வரிசையாக நின்ற படங்கள்தான். வேகமாக ஓட்டினால் அசைகிற மாதிரி தெரியும். ஒரு படத்துக்கு ஒரு ஃப்ரேம் என்று பெயர். சாவுக்குப் பதினான்கு ஃப்ரேம் வைத்தேன். ஆனால் சிப்பாய் எட்டுத் திசையில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியிருக்கும்போது சாவான். அதனால் ஐந்து திசைக்கு நாம் வரைய வேண்டும், மற்ற மூன்றையும் கண்ணாடியில் காட்டுகிற மாதிரி ஆட்டமே புரட்டிப் போட்டுக்கொள்ளும். ஐந்து திசையிலும் ஃப்ரேம் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் ஒன்று கூடினாலும் ஆட்டம் திறக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்பனையில் வரைந்தால் நடை வராது. ஆளை நடக்க விட்டு ஃபோனில் படம் பிடித்து, அதன் மேல் கோடு இழுத்தால்தான் வரும். ஆளுக்கு எங்கே போவது? துரையைக் கூப்பிட்டேன். நானும் அவனும் நகரியில் ஒரே தெரு, ஒரே பெஞ்சு. அவன் பத்தாவது பாஸ் பண்ணி ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் இருந்தான். கூப்பிட்டால் எதற்கு என்று கேட்காமல் வருகிற ஆள்.

ஏர்பேடில் பார்கவின் மாமா வீட்டு மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். சுவரில் நீலப் பெட்ஷீட் கட்டினோம். துரைக்கு வேட்டியை மடித்துக் கட்டி, ஒட்டடைக் குச்சியை ஈட்டி என்று கையில் கொடுத்தேன். நடந்தான், குத்தினான். கடைசியில் சாவு. ஐந்து திசை என்பதால் ஐந்து தடவை சாக வேண்டும்.

"இன்னாடா, ஒரு தபா செத்தா போதாதா? என் மாமியாரு கூட ஒரு தபாதான் சாவச் சொல்றாங்க" என்றான்.

முதல் தடவை விழுந்தான். நன்றாகவே விழுந்தான், முட்டி மடங்கி, தோள் தட்டி, தலை சாய்ந்து. நான் ஃபோனை நிறுத்தப் போனேன். பார்கவ் ஓடி வந்தான்.

"அண்ணா, ஆப்பாதண்ணா, நிறுத்தாத! அவரு எழுந்து கேமராவப் பார்த்து சிரிக்கணும். அதையும் எடுக்கணும்."

"இன்னாத்துக்கு?"

"ஷூட்டிங்ல அப்படித்தான் அண்ணா. பொணமா படுத்தவங்க எழுந்து சிரிச்சுட்டுத்தான் போவாங்க. கேமராகிட்ட நான் சாவலன்னு காட்டணும். இல்லன்னா படுத்தது படுத்ததே."

திருப்பதியில் எங்கேயோ ஒரு படப்பிடிப்பில் கும்பலில் நின்றிருக்கிறான். அதில் கற்றுக்கொண்ட பாடம். நாலு வருஷம் என்ஜினியரிங் படித்தவன் பேச்சு இது. நான் படிக்காதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

துரைக்கு அது விளையாட்டாக இருந்தது. எழுந்து ஃபோன் பக்கத்தில் வந்து ஈ என்று சிரித்தான். இரண்டாவது தடவை செத்து, எழுந்து, நாக்கைத் துருத்திச் சிரித்தான். மூன்றாவது, நாலாவதும் அப்படியே. அவன் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தமே வராது. மேல் உதடு ஒரு பக்கம் ஏறும், தோள் மட்டும் குலுங்கும். பள்ளிக்கூடத்தில் அதனால்தான் எப்போதும் நான் மாட்டிக்கொள்வேன், அவன் தப்பித்துவிடுவான்.

ஐந்தாவது திசை, நம்மைப் பார்த்தபடி முன்னால் விழுகிறது. விழுந்தான். இடது கை முன்னால் நீண்டு, உள்ளங்கை தரையில் கவிழ்ந்து, முகம் பக்கவாட்டில். ஐந்திலும் அதுதான் நல்ல சாவு. ஃபோன் சுட்டது. இடமும் இல்லை என்று எழுதிக் காட்டியது.

"போதும்" என்று சொல்லி நிறுத்திவிட்டேன்.

"அண்ணா, வத்து அண்ணா, வேணாம்" என்று பார்கவ் கையைப் பிடித்தான். "ஒரு நிமிஷம். சிரிச்சுடட்டும்."

"நாலு தபா சிரிச்சான் இல்ல? அதுல ஒண்ண இதுக்கு வெச்சுக்க."

"அஞ்சு தபா செத்தாரு. நாலு தபாதான் சிரிச்சாரு. லெக்க தப்புது அண்ணா."

"உன் லெக்கயத் தூக்கிக் குப்பையில போடு" என்று சொல்லிவிட்டு, ஃபோனைச் சார்ஜில் போடக் கீழே இறங்கிப் போனேன். பார்கவ் என் பின்னாலேயே புலம்பிக்கொண்டு வந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் துரையும் முதுகைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தான். எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு மாதம் காலையில் கடை திறப்பதற்கு முன் உட்கார்ந்து கோடு இழுத்தேன். சிரிப்பு வீடியோ நாலையும் அழித்தேன், இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. சாவு மட்டும் ஐந்து திசைக்கு எழுபது படம். ஆட்டத்தில் போட்டு ஓட்டிப் பார்த்தோம். ஈட்டிக்காரன் விழுந்தான், பதினான்காவது ஃப்ரேமில் அப்படியே கிடந்தான். பார்கவ் கை தட்டினான்.

அதற்கு மூன்று வாரம் கழித்துத் துரை சித்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திருப்பதிக்கு வண்டியில் வந்தான். புத்தலப்பட்டு தாண்டி, பலமனேரிலிருந்து வந்த ஏதோ லாரியில் இருந்து தக்காளி கொட்டி ரோடெல்லாம் கிடந்திருக்கிறது. வண்டி சறுக்கிவிட்டது. ஹெல்மெட் போட்டுத்தான் இருந்தான். உடம்பில் பெரிய காயம் இல்லை. கண் மட்டும் திறக்கவில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நான் முதல் நாளே போய்ப் பார்த்தேன். ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகக் கால் மட்டும்தான் தெரிந்தது. மூன்றாவது நாள் விஜயா ஃபோன் பண்ணினாள். குரலில் அழுகை இல்லை.

"மணிண்ணா, கடைசி தபா அவரு சிரிக்கறதுக்கு முன்ன ஃபோன ஆஃப் பண்ணிட்டியாமே."

பார்கவ் சொல்லியிருக்கிறான். ஆறுதல் சொல்லப் போனவன் செய்த வேலை.

"ஆமா" என்றேன்.

"இன்னாத்துக்கு ஆஃப் பண்ண?"

"ஃபோன்ல இடம் இல்ல."

"சரி. இப்ப வரஞ்சு வையி. அவரு எழுந்துக்கற மாதிரி. எழுந்து சிரிக்கற மாதிரி."

"அதுக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம் விஜயா? அவன் தக்காளி மேல சறுக்கிக்கினு விழுந்தான்."

"சம்பந்தம் இல்லன்னா வரையறதுல உனக்கு இன்னா போச்சு?"

வரைந்தால் நம்பினதாக ஆகிவிடும், அவ்வளவுதான். டாக்டர் பார்க்கிற விஷயத்தில் பொம்மைப் படம் வரைந்து கொடுக்கிற ஆள் நான் இல்லை என்று நினைத்தேன். "பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். மறைக்காமல் சொல்கிறேன். ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, டாக்டர் நம்பிக்கையாகப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு இந்த வியாபாரம் தெரியும். விடிகாலையில் ஃபோன் வரும், பத்து மணிக்குள் பேனர் வேண்டும் என்பார்கள், மங்கலான போட்டோவை அனுப்புவார்கள். நண்பன் முகம் அப்படி அவசரத்தில் கெட்டுப்போகக் கூடாது. அதனால் நல்ல போட்டோவாக எடுத்து, பின்னால் இருந்ததை வெட்டி, மாலை போட்டு, பெயர் எழுதி, தேதியை மட்டும் விட்டு வைத்தேன். வேறு யாருக்கும் முன்கூட்டி அப்படிச் செய்ததில்லை. துரை என்பதால் செய்தேன். அதை அன்பு என்றுதான் நினைத்தேன்.

எட்டாவது நாள் வார்டுக்கு மாற்றினார்கள். மூச்சு தானாக வந்தது. கண் திறக்கவில்லை. பதினொன்றாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. விஜயா தினமும் ஃபோன் பண்ணி அதையே கேட்டாள், பார்கவ் தினமும் அவளுக்குத் தலையாட்டினான். இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். படத்தைத் திறந்து, இது வெறும் புள்ளி, பதினான்கு படம், பாதி விரல் உயரம், இதைப் பார்த்துக்கொண்டு உட்காராதே என்று கண் முன்னால் காட்டிவிடலாம் என்று எண்ணம்.

முதலில் சொன்ன நாலு பேரும் அப்படித்தான் சேர்ந்தோம். விஜயா ஈரத் துணியால் துரையின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் ஊசியை வைத்து வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். துடைத்து, கையைத் தூக்கி, படுக்கையில் கவிழ்த்து வைத்தாள். இதை நான் பார்த்தேன்.

லேப்டாப்பைக் கட்டில் ஓரத்தில் வைத்துத் திறந்தேன். கடை லேப்டாப், திறந்ததும் எல்லாம் வெளியிலேயே கிடக்கும். துரை அஞ்சலி என்று பெயர் போட்டுச் சின்னதாக அந்தப் படமும் கிடந்தது. மாலை வரைக்கும் தெரிந்தது. நான் மறந்துபோயிருந்தேன்.

விஜயா பார்த்துவிட்டாள். பார்கவ் டீயைக் குடிக்காமல் வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான்.

"படுத்துக்கினு இருக்கற ஆளுக்கு மாலை போட்டுட்ட" என்றாள். "யாரும் கேக்கல, நீயே போட்ட. எழுந்துக்கற மாதிரி வரையச் சொல்லி எட்டு நாளா கேக்கறேன். அதுக்கு மட்டும் கை வரல இல்ல உனக்கு?"

அழித்தேன்.

"குப்பைத் தொட்டியிலயும் இருக்கக் கூடாது" என்றாள்.

அதையும் காலி பண்ணினேன்.

பிறகு எதற்காக வந்தேனோ அதைச் செய்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஐந்தாவது திசை ஃபோல்டரைத் திறந்தேன். படங்கள் வரிசையாக நின்றன. விஜயாவே விரல் வைத்து எண்ணினாள். பதினான்கு. "இவ்ளோதானா?" என்று கேட்டாள். "இவ்ளோதான்" என்றேன். ஆட்டத்தை ஓட்டினேன். காலி மைதானத்தில் ஒரு ஈட்டிக்காரனை நிறுத்தி, நம்மைப் பார்க்கத் திருப்பி, சாக விட்டேன். முட்டி மடங்கியது. தோள் தட்டியது. தலை சாய்ந்தது. கை நீண்டது. கிடந்தான்.

"பாத்த இல்ல? முடிஞ்சது. இதுல ஒண்ணும் இல்ல" என்றேன்.

அப்போது கை புரண்டது.

திரையில் கவிழ்ந்து கிடந்த ஈட்டிக்காரனின் உள்ளங்கை மேலே பார்த்துத் திரும்பியது. ஒரே அசைவு. பிறகு அப்படியே நின்றது.

விஜயா திரையைப் பார்க்கவில்லை. அவள் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். சற்று முன் அவள் கவிழ்த்து வைத்த கை, உள்ளங்கை மேலே இருக்க மல்லாந்து கிடந்தது.

யாரும் கத்தவில்லை. விஜயா எழுந்து நர்ஸைக் கூப்பிடப் போனாள். பார்கவ் "அண்ணா" என்றான். அவன் உதவாதவன் என்று இத்தனை நேரம் சொன்னேன், ஆனால் அவன் கையில் டீ கப் இருந்தது, ஜன்னலை விட்டு நகரவில்லை, லேப்டாப்பில் நெட்டும் கிடையாது. இது அவன் செய்த வேலை இல்லை, அதை அவனுக்காகச் சொல்லியாக வேண்டும்.

நான் ஃபோல்டரைத் திறந்தேன். பதினைந்து.

பதினைந்தாவதன் நேரம் பதினொன்று ஏழு என்று காட்டியது. அதாவது அப்போதுதான். பெரிதாக்கினேன். கோடு என் கோடு இல்லை. நான் எல்லா உருவத்துக்கும் வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வருகிற மாதிரி போடுவேன், ஆட்டத்தில் அதுதான் முறை. இதில் வெளிச்சம் நேராக மேலிருந்து விழுந்தது, ட்யூப்லைட்டுக்குக் கீழே படுத்திருந்தால் விழுகிற மாதிரி. இன்னும் பெரிதாக்கினேன். மணிக்கட்டில் நாலு வெள்ளைப் புள்ளி. பாளையக்காரர் காலத்து ஈட்டிக்காரனுக்கு அந்த இடத்தில் ஒன்றும் கிடையாது. நான் வரையவும் இல்லை. பிளாஸ்திரி.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு நல்ல அறிகுறி என்றார். கை தானாகப் புரள்வது உண்டாம். சரி. கட்டிலில் இருந்த கைக்கு அது பதில். இன்னொரு கைக்கு யாரைக் கேட்பது?

வீட்டுக்குப் போய் எல்லாம் பார்த்தேன். பாஸ்வேர்டு மாற்றினேன். வைரஸ் தேடினேன். ஒரு திசையில் பதினைந்து, மற்ற நாலில் பதினான்கு. ஆட்டம் திறக்கவே கூடாது. திறந்தது. நன்றாக ஓடியது.

மறுநாள் காலை, கடையின் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, பேனாவை எடுத்தேன். வரைகிற பலகையில் வைக்கிற பேனா. எழுந்துகொள்கிற படம் ஒன்றையாவது வரைந்துவிடலாம் என்று எடுத்தேன் என்பதைச் சொல்கிறேன், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஃபோல்டரைத் திறந்தால் பதினாறு இருந்தது. தலை லேசாகத் தூக்கியிருந்தது. பேனாவைக் கீழே வைத்தேன். அப்போது விஜயாவின் ஃபோன் வந்தது.

"மணிண்ணா, கண்ணத் தெறந்தாரு!"

"சரி" என்றேன்.

அதன் பிறகு நான் ஒன்றும் வரையவில்லை. வரைய இடமே கொடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அவளிடமிருந்து ஃபோன் வருகிற அன்றைக்குப் படம் ஒன்று கூடியிருக்கும். தண்ணீர் குடித்தான் என்றாள், பதினெட்டு. பெயரைச் சொன்னான் என்றாள், இருபது. உட்கார்ந்தான் என்ற அன்று இருபத்திரண்டாவதில் ஈட்டிக்காரன் இரண்டு கையையும் பின்னால் ஊன்றி உட்கார்ந்திருந்தான். மணிக்கட்டில் நாலு புள்ளி அதற்குள் இல்லை. ஊசியை எடுத்துவிட்டார்கள் என்று அப்புறம் தெரிந்தது. இருபத்தேழாவதில் நின்றான். அன்றுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. பார்கவிடமும் காட்டவில்லை. அவன் மோட் வேலையையே விட்டுவிட்டான், இப்போது மலைக் கோயிலுக்கு மாசா மாசம் நடந்து போகிறான். நான் போகவில்லை. எதற்காகப் போவது, யாரிடம் என்னவென்று சொல்வது.

ஒரு மாதம் கழித்து நகரிக்குப் போய்த் துரையைப் பார்த்தேன். இளைத்திருந்தான். வலது காலை லேசாக இழுத்தான். பக்கத்து வீட்டில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்ததால் அவன் மெல்லப் பேசியதைக் கிட்டே போய்த்தான் கேட்க வேண்டியிருந்தது. விஜயா காபி கொண்டுவந்து வைத்தாள். பேனர் விஷயத்தை அவனிடம் சொல்லவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. பெரிய மனசு. எனக்கு வராது.

வண்டி சறுக்கினது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. கல்யாண வீடு ஞாபகம் இல்லை.

"ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருந்தியே, அது?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரி தெரில. மாடிதான் தெரியும்."

"எந்த மாடி?"

"ஏர்பேடு மாடி. வெயிலு. கீழ சிமெண்டு சுடுது. நீ போதும்ன. எழுந்துக்கன்னு சொல்லுவன்னு பாத்துக்கினே கெடந்தேன்." "சொல்லவே இல்லடா நீ."

அவன் குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். நான் காபியைக் குடித்து முடித்தேன். எல்லா இடத்திலும் பேய் வருகிறது, பிசாசு வருகிறது என்கிறார்கள். என் விஷயத்தில் வந்தது என்ன? சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் ஒருவன் ஃபோனைச் சார்ஜில் போடப் போனான். அதுதான் வந்தது.

வாசலில் செருப்பு மாட்டும்போது விஜயா பின்னால் வந்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் துன்றாரு, தூங்கறாரு. அடுத்த மாசம் வேலைக்குப் போவேங்கறாரு. ஒண்ணுதான் மணிண்ணா. சிரிக்க மாட்டேங்கறாரு."

"வலி இருக்கும்."

"வலி இல்லங்கறாரு. டிவியில காமெடி போட்டா பாக்கறாரு. எப்ப சிரிக்கணும்னு தெரியுது. நான் சிரிச்சா என் மொகத்தப் பாக்கறாரு. ஆனா வரல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் படத்துல எழுந்து நின்னுட்டாரா?"

படம் கூடுவதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அவள் எப்படித் தெரிந்துகொண்டாள் என்று கேட்கவும் இல்லை.

"நின்னுட்டான்" என்றேன்.

அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. துரை வேலைக்குப் போகிறான். ஸ்ரீசிட்டி பஸ்ஸில் போய் வருகிறான். விஜயா முன்போல ஃபோன் பண்ணுவதில்லை, எப்போதாவது பண்ணினால் கடைசியில் "இன்னும் இல்ல" என்று மட்டும் சொல்லி வைப்பாள். எனக்குப் புரியும்.

ஃபோல்டரைத் தினமும் காலையில் திறக்கிறேன். இருபத்தேழுதான். ஈட்டிக்காரன் நிற்கிறான். ஈட்டி கையில் இல்லை, அது கீழே கிடக்கிறது. நேராக நம்மைப் பார்த்து நிற்கிறான். முகம் என்று பார்த்தால் ஒன்பது புள்ளி, வாய்க்கு இரண்டு. அந்த இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் மூடி இருக்கின்றன. இத்தனை சின்னப் பொம்மைக்குப் பார்வை என்று ஒன்று இருக்க முடியாது, வேலை தெரிந்தவன் நான் சொல்கிறேன், இருக்க முடியாது. ஆனால் காத்துக்கொண்டிருக்கிறவன் எப்படி நிற்பான் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் எனக்காக அப்படித்தான் நிற்பான்.

சிரிக்கிற படம் ஒன்றை நானே வரைந்து போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். போடலாம். இரண்டு புள்ளியில் ஒன்றை மேலே ஏற்றினால் போதும், அரை நிமிஷ வேலை. செய்யவில்லை. அது என் சிரிப்பாக இருக்கும், அவனுடையதாக இருக்காது. செத்தவர்களுக்கு நான் அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் பார்த்து அழுதுவிட்டு, இது அவர் இல்லை போல இருக்கிறதே என்பார்கள்.

இன்றைக்குக் காலை கடையில் யாரும் இல்லை. ஓனர் வரவில்லை. ஷட்டர் பாதி. இருபத்தேழாவதைத் திறந்து பெரிதாக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, கேட்க யாரும் இல்லை என்பதால் சொன்னேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். முப்பத்தாறு வயது ஆள், பாதி விரல் பொம்மையிடம்.

"துரை, முடிஞ்சிதுடா. எழுந்துக்க. சிரி."

ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஆட்டோ போயிற்று. படத்தை மூடினேன். என்மேலேயே எரிச்சல் வந்தது. லேப்டாப்பையும் மூடப் போனவன், பழக்கதோஷத்தில் ஃபோல்டரை ஒரு தடவை எண்ணினேன்.

இருபத்தெட்டு.